கம்பஸ் கிடைத்தாயிற்று, வீட்டிலிருந்தே போய்வரலாமா?

கேள்வி இதுதான்: வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது. முதல் வருடம் ஹொஸ்டல் தருவார்களாம். ஆனால் அப்பா, அம்மா, அப்பாயி மூன்று பேரும் "ரெண்டு மணித்தியாலப் பஸ்தானே, வீட்டில இருந்தே போயிட்டு வா" என்கிறார்கள். வீட்டில் இருந்தால் செலவும் குறையும். என்ன செய்யலாம்?

தங்கச்சி, நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கினிகத்தேனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள். பேராதனையில்தான் படித்தேன். முதல் வருடம் ஹொஸ்டல். இரண்டாம் வருடம் அப்பாவுக்குக் காலில் அடிபட்டு வேலைக்குப் போகமுடியாமல் கிடந்தார், அதனால் வீட்டிலிருந்து பஸ். மூன்றாம், நான்காம் வருடங்களில் கெலிஓயாவில் மூன்று பேர் சேர்ந்து ஓர் அறை. இப்போது நானே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன், வருடா வருடம் யாராவது ஒருத்தி இதே கேள்வியோடு வருகிறாள். மூன்றையும் அனுபவித்தவளாகச் சொல்கிறேன்: முதல் வருட ஹொஸ்டலை விடாதீர்கள். இரண்டாம் வருடம் வரட்டும், அப்போது மறுபடி யோசிக்கலாம்.

"ரெண்டு மணித்தியாலப் பஸ்தானே" என்ற கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அது பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும் வரைக்கும். லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் நேரம், பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் நேரம், பேராதனையில் இறங்கிப் பீடத்துக்கு நடக்கும் நேரம் எதுவும் அதில் இல்லை. வாசலிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு இரண்டரை மணித்தியாலம் என்று வைத்தாலே போக வர ஐந்து. வாரம் ஐந்து நாள் என்றால் 25 மணித்தியாலம். ஒரு அரையாண்டில் 15 வாரம் படிப்பு நடக்கும், ஆக 375 மணித்தியாலம் பஸ்ஸிலும் ரோட்டிலும் போகிறது. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு விரிவுரை 45 மணித்தியாலம். எட்டுப் பாடத்தின் விரிவுரை நேரம் முழுவதும் கினிகத்தேனை வளைவுகளிலேயே கழிந்துவிடும்.

கணக்கு அதோடு முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் போர்டில் எழுதியதைப் படித்தால் போதும். கம்பஸில் ஒரு கிரெடிட் என்றால் நீங்களாகப் படிப்பதையும் சேர்த்து 50 மணித்தியால வேலை என்பதுதான் கணக்கு. ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட், அதாவது 1,500 மணித்தியாலம். அதில் பாதி 750ஐ அரையாண்டின் 15 வாரத்தில் வகுத்துப் பாருங்கள், வாரம் 50 வரும். அதன் மேல் பஸ் 25. எல்லோரும் அந்த 50ஐயும் அப்படியே படிக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன், நானும் படிக்கவில்லை. ஆனால் பஸ் எந்த நேரத்தைத் தின்கிறது என்று பாருங்கள். விரிவுரை நேரத்தில் அது கைவைக்காது. லைப்ரரி நேரத்தைத்தான் தின்னும். பஸ்ஸில் படிக்கலாமே என்பார்கள். நாவலப்பிட்டி வரை நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிரட்டும் வளைவில் வரலாற்று நோட்ஸ் படித்த யாரையும் நான் கண்டதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கி, 1952இல் பேராதனைக்கு வந்தபோது, ஐவர் ஜெனிங்ஸ் அதை மாணவர்கள் உள்ளேயே தங்கிப் படிக்கும் இடமாகத்தான் திட்டமிட்டார். ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தை மாதிரி விடுதிகள் வளவுக்குள்ளேயே இருப்பது அதனால்தான். இன்றைக்கு எல்லாருக்கும் விடுதி இல்லை, ஆனாலும் அந்த இடத்தின் பழக்கம் மாறவில்லை. முக்கியமான காரியங்கள் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகுதான் நடக்கும். சீனியர்மார் "குப்பி" போடுவார்கள். கடினமான பாடத்தைப் பரீட்சைக்கு முன்னால் தங்கள் மொழியில் உடைத்துச் சொல்லித்தரும் வகுப்பு அது, சம்பளம் கிடையாது, குப்பி விளக்கை வைத்துத்தான் அந்தப் பெயரும். இரவு ஏழு, எட்டு மணிக்கு நடக்கும். நான் இரண்டாம் வருடம் ஒரு குப்பிக்கும் இருக்கவில்லை. நாலரைக்கே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த வருடத்துப் புள்ளிகளை இன்றைக்கும் யாருக்கும் காட்டுவதில்லை.

மொழியையும் சொல்லவேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து போகிற நமக்கு ஆங்கிலமும் சிங்களமும்தான் முட்டுக்கட்டை. அதை வகுப்பில் படித்ததைவிட ஹொஸ்டலில் தண்ணீர்க் குழாயடியில் நின்று படித்தது கூட. எனக்குச் சிங்களம் வந்தது ரூமில் இருந்த மாத்தறைப் பிள்ளையோடு அயன் பெட்டிக்குச் சண்டை பிடித்துத்தான்.

இனி காசு. வீட்டார் சொல்வதில் பாதி நியாயம் இதில் இருக்கிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. அந்தக் கணக்கில் மாதம் இருபது பேர், அதாவது இருபது நாள் வேலைப் பதிவு, விழுந்தால் 27,000, அதிலும் இ.பி.எப்., கடன், சங்கக்காசு எல்லாம் கழியும். இதில் ஒரு பிள்ளையைப் போர்டிங்கில் வைப்பது லேசான காரியமில்லை. ஆனால் உங்கள் முன் இருப்பது முதல் வருடத்து ஹொஸ்டல். அதன் கட்டணம் வெளியில் அறை எடுப்பதோடு ஒப்பிட்டால் சொற்பம். சாப்பாடுதான் செலவு. மகாபொல என்ற மாத உதவித்தொகை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகக் கூடியது, மற்ற உதவிப்பணமான பேர்சரி 4,000 ரூபாயிலிருந்து 6,500 ஆனது. நாலைந்து பேர் சேர்ந்து சமைத்தால் அதில் பெரும் பங்கு சமாளிக்கலாம். முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகும் என்பதை மட்டும் அப்பாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். ஆரம்பத்து மூன்று நான்கு மாதத்துக்குத்தான் வீட்டிலிருந்து உண்மையான உதவி தேவைப்படும். அம்மாவின் தோடு அடகுக்குப் போகும் காலமும் அதுதான், எங்கள் வீட்டிலும் போனது.

பஸ்ஸும் சும்மா வராது. இ.போ.ச. என்ற அரசாங்க பஸ்ஸுக்கு மாணவர் சீசன் எடுத்தால் மலிவுதான், ஆனால் அது பிரைவேட் பஸ்ஸில் செல்லாது. விடிய வருகிற முதல் பஸ் பிரைவேட்டாக இருந்தால் சீசனைப் பையில் வைத்துக்கொண்டே டிக்கட்டுக்கும் காசு கொடுக்கவேண்டும். கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்ட இரவில் ஆட்டோ பிடித்தால் அம்மாவின் ஒரு நாள் பேர் போனது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆனால் நேரமும் காசும் எனக்கு இரண்டாம் பட்சம். வீட்டிலிருந்து போன அந்த வருடத்தில் எனக்கு உறைத்தது வேறு. வீட்டில் இருந்து படிக்கிற பிள்ளையை வீடு "படிக்கிற பிள்ளை" என்று எண்ணாது. "வீட்டில இருக்கிற பிள்ளை" என்றுதான் எண்ணும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. தொழிலுக்குப் போகிற வீட்டில் ஆள் கணக்கு அப்படித்தான் ஓடும். காலையில் பிரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போகிறவர் தொழிலாளி, பள்ளிக்கூட உடுப்புப் போட்டவர் மாணவர், இரண்டும் இல்லாமல் இஸ்தோப்பில், முன் திண்ணையில், உட்கார்ந்திருப்பவர் சும்மா இருக்கிறவர். செவ்வாய்க்கிழமை விரிவுரை இல்லை என்று நான் வீட்டில் நின்றால் அன்றைக்குக் குழாய்த் தண்ணீர், விறகு, அப்பாவுக்கு மருந்து, பக்கத்து வீட்டு அக்காவுக்குப் படிவம் நிரப்புவது, சங்கத்துக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் என் தலையில். கொழுந்து கூடின காலத்தில் ஞாயிற்றுக்கிழமை அம்மா கைக்காசு வேலைக்குப் போய்விடுவார், வீட்டை யார் பார்ப்பது? "கம்பஸ் பிள்ளை" என்ற பெயர் வேறு வந்துவிட்டதால் லயத்தில் எந்த வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் வாசித்துச் சொல்ல என்னைத்தான் தேடுவார்கள். பெருமைதான். அதற்கும் நேரம் போனது.

லயத்து வீட்டில் இடம் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு காம்பரா, ஓர் இஸ்தோப்பு, பின்னால் இறக்கிய குசினி. எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுச்சுவர் கூரை வரை போகாது. அந்தப் பக்கம் டிவியில் நாடகம் ஓடினால் இந்தப் பக்கத்தில் எனக்குக் கதை தெரியும். ஒன்பது மணிக்கு அப்பா லைட்டை அணைக்கச் சொல்வார், அம்மா காலையில் எழும்பவேண்டுமே. பிறகு குசினியில் பலகை போட்டு அடுப்பு வெக்கையில் உட்கார்ந்து படிப்பேன். கால்மாட்டில் பூனை. அப்பாயி இருமும்போதெல்லாம் எழும்பித் தண்ணீர் கொடுக்கவேண்டும். அப்பாயிக்கு நான் பக்கத்தில் இருந்தது எவ்வளவு ஆறுதல் என்று இப்போது புரிகிறது, அதற்காக அந்த வருடத்தை முழுக்க நட்டம் என்று எழுத மனம் வரவில்லை. அடுத்த மாசியில் அவர் போய்விட்டார்.

இந்தக் காலத்தில் இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. எங்கள் காலத்தில் கையில் புத்தகம் இருந்தால் படிக்கிறாள் என்று விட்டுவிடுவார்கள். உங்கள் பாடமெல்லாம் போனிலும் லெப்டொப்பிலும் இருக்கும். நீங்கள் பீடிஎப் வாசிப்பதும் படம் பார்ப்பதும் அம்மாவின் கண்ணுக்கு ஒன்றுதான். கொவிட் காலத்தில் 2020, 2021இல் சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறின பிள்ளைகளை "போனைத் தூக்கிக்கிட்டு எங்க போறா" என்று கேட்காத லயம் உண்டா?

பாதுகாப்புப் பற்றி வீட்டார் பயப்படுவது நியாயம். அதை அலட்சியம் செய்து பேசாதீர்கள். பகிடிவதைக்கு எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, குற்றம் நிரூபிக்கப்பட்டால் சிறைவரை போகும். சட்டம் இருப்பதால் பகிடிவதை ஒழிந்துவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஹொஸ்டலில் அது வரலாம். வந்தால் மறைக்காமல் விடுதிப் பொறுப்பாளரிடமும் மாணவர் ஆலோசகரிடமும் சொல்லவேண்டும், அந்த நம்பர்களை அப்பாவின் போனிலும் போட்டுக்கொடுங்கள். அதே நேரம் வீட்டிலிருந்து போவது பாதுகாப்பு என்ற எண்ணத்தையும் சரிபார்க்கவேண்டும். மாலை ஏழரைக்கு மெயின் ரோட்டில் இறங்கி, லைட் இல்லாத தோட்டத்து ரோட்டில் தனியாக நாற்பது நிமிடம் ஏறுவது பாதுகாப்பா? வட்டவளை நாட்டிலேயே அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. அட்டை, குளவி, சில பக்கங்களில் சிறுத்தை, எல்லாவற்றையும்விட மனிதர். எனக்காகத் தம்பி தினமும் டோர்ச்சோடு சந்திக்கு வந்து நின்றான். அவன் ஓ.எல். பரீட்சை எடுக்கும் வருடம் அது. என் படிப்புக்கு அவனும் நேரம் கொடுத்தான், அதை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மழைக்காலம் வந்தால் ரோடே இருக்காது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது, ரயில் பாதை எப்படித் துண்டு துண்டானது என்று உங்களுக்கே தெரியும். அவ்வளவு பெரிது வேண்டாம், ஒரு சாதாரண ஜூன் மழையில் ஒரு மரம் விழுந்தாலே காலை எட்டு மணி விரிவுரை போய்விடும். வரவு 80 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்பார்கள் பல இடங்களில். மரம் விழுந்ததற்கு மெடிக்கல் எடுக்கமுடியாது.

சித்தி வீடு கம்பளையில் இருக்கிறது, அங்கே நிற்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எப்போதும் யாராவது கேட்பார்கள். வாரத்தில் ஒரு இரவு என்றால் சரி. வருடக்கணக்கில் என்றால் அரிசிக்காவது ஒரு தொகை பேசி மாதா மாதம் கையில் கொடுத்துவிட்டு நில்லுங்கள். காசு கொடுக்காத இடத்தில் சமையலும் கழுவலும் பிள்ளைகளுக்கு டியூசனும் தானாக உங்களிடம் வந்து சேரும். சித்தி நல்லவராகவே இருப்பார், ஆனால் அப்படித்தான் நடக்கும்.

எல்லாருக்கும் இதே பதிலைச் சொல்லமாட்டேன். பசறையில் வீடு, பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வீட்டிலிருந்து போகச் சொல்வேன், கம்பஸே பசறை ரோட்டில்தான் இருக்கிறது. நாவலப்பிட்டி டவுனுக்குக் கிட்ட இருந்துகொண்டு அங்கேயே எச்.என்.டி. என்ற உயர் டிப்ளோமா படிக்கிற பிள்ளைக்கும் அப்படியே. திறந்த பல்கலைக்கழகம் என்றால் அட்டன் நிலையமோ பொல்கொல்லையோ பதுளையோ, வேலை செய்துகொண்டு வீட்டிலிருந்து படிப்பதற்காகவே அமைத்தது அது. நானாக வைத்துக்கொண்ட எல்லை ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் மணித்தியாலம், வாசலிலிருந்து வாசலுக்கு. அதற்குள் என்றால் வீடு. அதைத் தாண்டினால் தினமும் போய்வருவதை நினைக்கவேண்டாம்.

ஹொஸ்டல் கிடைக்காமல் போனால், அல்லது இரண்டாம் வருடத்தில் இடம் இல்லாமல் வீட்டுக்கு வரவேண்டி வந்தால் என்ன செய்வது? எனக்குக் கைகொடுத்தவற்றைச் சொல்கிறேன். எல்லா நாளும் போய்வரும் பிடிவாதத்தை விடுங்கள். நேர அட்டவணை வந்த அன்றைக்கே பார்த்து, விரிவுரை நெருக்கமான இரண்டு நாளுக்கு நடுவில் ஓர் இரவு கூடப் படிக்கிற ஒருத்தியின் அறையில் தங்க ஒழுங்கு செய்யுங்கள். குப்பியும் லைப்ரரியும் அந்த இரவில். பதிலுக்கு வீட்டிலிருந்து தேயிலைத் தூளோ, மரக்கறியோ கொண்டுபோங்கள், அறை வைத்திருப்பவளுக்கு அது பெரிய உதவி.

வீட்டில் நேரம் கேட்பதற்குக் கலண்டரைப் பிடித்தேன். குசினிச் சுவரில் நகைக்கடை கொடுத்த கலண்டர் ஒன்று தொங்கியது, அமாவாசையும் பௌர்ணமியும் பார்க்க. அதிலேயே என் பரீட்சை நாட்களையும் கட்டுரை கொடுக்கும் நாட்களையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். அப்பாயிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, சிவப்புத் தெரியும். இரண்டாவது மாதத்தில் அவரே "இன்னைக்குச் செவப்பு, புள்ளையக் கூப்புடாதீங்க" என்று வாசலில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார். காமன் கூத்துக்குத் தப்படிக்கும் மாமாவைக்கூட ஒரு சிவப்பு நாளில் லயத்துக் கோடிக்கு அனுப்பியிருக்கிறார். நேரத்தைப் பொதுவாகக் கேட்டால் கிடைக்காது. எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டால் கொடுப்பார்கள். நான் கேட்டது காலை மூன்றரை முதல் ஐந்து. அம்மா நாலரைக்கு ரொட்டி தட்ட எழும்பும்போது எனக்கும் ஒரு வெறும் தேத்தண்ணி வரும். அந்த ஒன்றரை மணித்தியாலந்தான் அந்த வருடத்தில் நான் உருப்படியாகப் படித்த நேரம்.

மறக்காமல் ஒன்று: கடித விலாசம். லயத்து வீட்டுக்குத் தனி விலாசம் கிடையாது, தோட்டத்து ஆபீஸுக்குத்தான் வரும். என் பேர்சரிக் கடிதம் ஓர் ஆபீஸ் மேசையில் பதினொரு நாள் கிடந்து, தேதி கடந்த பிறகு என் கைக்கு வந்தது. அந்த வருடப் பேர்சரி அதோடு போயிற்று. டவுனில் தெரிந்த கடை ஒன்றின் விலாசத்தைக் கேட்டுக்கொடுங்கள், மின்னஞ்சலை நாளுக்கு ஒரு தடவையாவது பாருங்கள்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் மிச்சம். "எனக்குச் சுதந்திரம் வேணும்" என்ற வழியில் போகாதீர்கள், அங்கே சண்டை மட்டுந்தான் மிஞ்சும். அவர் செக்ரோல் என்ற வேலைப் பதிவேடும் பேரும் எண்ணிப் பழகினவர், கணக்கில் பேசுங்கள். அந்த 375 மணித்தியாலத்தை ஒரு கொப்பியில் எழுதி, எட்டு மணித்தியாலம் ஒரு பேர் என்று வகுத்துக் காட்டுங்கள். நாற்பத்தேழு பேர் வரும். ஆறு மாதத்தில் நாற்பத்தேழு பேரைப் பஸ்ஸில் விடுகிறோம் என்றால் அவருக்கு உடனே விளங்கும். மாதத்தில் இரண்டு வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வருவேன் என்று சொல்லுங்கள், சொன்னால் வந்தேயாகவேண்டும். அப்பாயியிடம் தனியாகப் பேசுங்கள், அப்பாயி சரி என்றால் பாதி முடிந்தது.

இந்த வாரமே கிராம சேவகரிடம் போய் வருமான அத்தாட்சிக்குச் சொல்லிவிடுங்கள், அதற்குத் தோட்டத்திலிருந்து சம்பளத் துண்டும் கேட்பார்கள். ஹொஸ்டல் விண்ணப்பத்தில் தூரம் எழுதும் இடத்தில் மெயின் ரோட்டிலிருந்து எழுதாதீர்கள், உங்கள் லயத்து வாசலிலிருந்து எழுதுங்கள். பேராதனைக்கு முதல் நாள் போகும்போது சப்பாத்தைச் சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு செருப்போடு இறங்குங்கள், ரோட்டுக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம்.